ஏசி அறையில் வாங்கிய மைக்

எங்கள் கல்லூரியின் அந்த வகுப்பறைக்குக் கேமரா, மைக், பெரிய திரை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தது நான்தான். குழு என்று மூன்று பேரைப் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டு பேரும் டீ குடித்தார்கள். பேசியது முழுக்க நான். என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று முதல்வருக்கு நம்பிக்கை. எனக்கும்தான்.

பாளையங்கோட்டையில் நான் கணக்கு வாத்தியார். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் ஒரு பெண், விபத்தில் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, கொற்கைப் பக்கம் வீட்டில் படுத்திருந்தாள். அப்பாவுக்கு வாழைத் தோட்டத்தில் கூலி வேலை. வருகை குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போனால் மறுபடி கல்லூரிக்கு வீட்டில் அனுப்ப மாட்டார்கள் என்று அவளே போனில் சொன்னாள். வீட்டிலிருந்து வகுப்பைக் கேட்டால் வருகை தரலாம் என்று கல்லூரி ஒத்துக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்துகிற அறை ஒன்று வேண்டும் என்று நிர்வாகத்துக்கும் ரொம்ப நாள் ஆசை. அவளைச் சாக்காக வைத்து வாங்கினோம் என்பதுதான் உண்மை. உனக்கு என்னம்மா வேண்டும் என்று அவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கம்பெனிக்காரர்கள் பொருளைக் கொண்டுவந்து காட்டியது முதல்வர் அறையில். அங்கேதான் ஏசி. யார் வந்தாலும் அங்கே உட்கார வைத்து டீ கொடுப்பது எங்கள் வழக்கம். கதவும் ஜன்னலும் சாத்திய அந்த அறையில் கொசு பறந்தாலும் மைக் பிடித்திருக்கும். நான் மைக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நடக்கிற ஆளைத் தானே திரும்பித் தொடர்கிற கேமரா ஒன்று இருந்தது. அதன் முன்னால் நடந்து பார்த்தேன். அது என்னோடு வந்தது. இந்தப் பக்கம் நடந்தேன், வந்தது. திரையில் என் முகம் பெரிதாகத் தெரிந்தது.

"என்ன வே, பொண்ணு பாக்க வந்த மாப்ள மாரி நடக்கீரு?" என்றார் குழுவில் இருந்த இயற்பியல்காரர்.

"நீரு வந்து நில்லும், உம்ம வயிறு அதுக்குள்ள அடங்குதான்னு பாப்போம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு முடிவாகிவிட்டது. கேமராவுக்கும் திரைக்கும் போக மிச்சப் பணத்தில் வந்தது, கூரையில் பொருத்துகிற மைக்.

எங்கள் வகுப்பறைகள் பழைய கட்டடம். உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்குகிற ஃபேன்கள். ஒவ்வொன்றும் கடகடவென்று லாரி மாதிரி ஓடும். இரண்டு ஃபேன்களுக்கு நடுவில் மைக்கைப் பொருத்தினோம். பங்குனி வெயில்.

"கேக்குதாம்மா?" என்று முதல் வகுப்பில் அவளிடம் கேட்டேன்.

"மழ பெய்யுத மாதிரி கேக்குது சார்."

"அங்கயாவது பெய்யட்டும் சார்" என்றான் பின் பெஞ்சில் ஒருவன்.

ஃபேன்களை நிறுத்தினேன். உடனே எல்லாம் கேட்கிறது என்றாள். அன்று முதல் என் வகுப்பில் ஃபேன் கிடையாது. பையன்கள் நோட்டால் விசிறிக்கொண்டார்கள். முணுமுணுத்தவனிடம் எல்லாம், "ஒரு மணி நேரம் தாங்க முடியாதாலே ஒனக்கு?" என்று கத்தினேன். தப்பாக வாங்கியவன் நான், ஏச்சு அவர்களுக்கு.

ஒரு நாள் மதிய வகுப்பு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புகிறேன், அதே பின் பெஞ்சுக்காரன் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்கிறான்: "கால்தானலே ஒடஞ்சிருக்கு, காதுமா ஒடஞ்சிருக்கு? அவ ஒருத்திக்காவ நாம எல்லாரும் வேகணுமாக்கும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வாய்விட்டு. கேமரா அப்போதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத்தானே அதை வாங்கினேன்.

திரையில் எழுத்து வந்தது. "சார், ஃபேன் போட்டுக்கிடுங்க. நான் நோட்ஸ் வாங்கிப் படிச்சிக்கிடுதேன்."

கடைசி பெஞ்சுக்கும் எழுத்து தெரிய வேண்டும் என்று நான் அடம்பிடித்து வாங்கிய திரை. கடைசி பெஞ்சும் படித்தது. சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இருந்த வெட்கம்கூட எனக்கு அப்போது வரவில்லை. யாரோ எழுந்து ஃபேனைப் போட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்று முகத்தில் பட்டது, சுகமாக இருந்தது. பாதியில் விட்ட கணக்கை முடித்தேன்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன். ஆனால் வாயில் வந்தது, "இன்னைக்குப் பாடம் புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது சார். ஃபேன் போடுத வரைக்கும் எல்லாமே தெளிவா கேட்டுச்சு."

குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் நோட்ஸ் அனுப்பச் சொல்கிறேன் என்று ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல்வரிடம் போய் மைக்கை மாற்ற வேண்டும் என்றேன்.

"தொறப்பு விழா படம் பேப்பர்லயே வந்தாச்சு வே. இப்பப் போயி சரியில்லன்னா, யாரு பாத்து வாங்குனான்னுதான் கேப்பாங்க. என்ன சொல்ல?"

நான்தான் என்று சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வெளியே வந்து கதவை ஓங்கிச் சாத்தினேன். கோபம் எனக்கு எப்போதும் கைவசம் இருக்கும். தலைகுனிய வேண்டிய இடத்திலெல்லாம் அதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

ஜங்ஷனில் ஒரு கடையில், சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் கிடைத்தது. வகுப்பறையில் அதை மாட்டிக்கொண்டு, எல்லா ஃபேனையும் ஓடவிட்டு, என் போனில் பேசிப் பார்த்தேன். என் குரல் நன்றாகவே கேட்டது. இவ்வளவுதான் விஷயம். முதல் நாளே வகுப்பறையில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் வகுப்பில் அவள் பெயர் திரையில் இருந்தது.

"இப்ப கேக்குதாம்மா?"

பதில் இல்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. தப்பு என்னது."

முன் பெஞ்சில் அவளுடைய தோழி மெதுவாக எழுந்தாள்.

"சார், அவ வருகைக்குத்தான் போட்டு வச்சிருக்கா. சத்தத்த அமத்திருவா. சாயங்காலம் நான் போன்ல சொல்லிக்குடுப்பேன், அதப் படிக்கா. நீங்க சொன்னத நான் சொல்லிரட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்லுதேன்" என்றேன்.

வருகை தினமும் போடுகிறேன். பரீட்சை எழுதிவிடுவாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.