பச்சை விளக்குக்குப் போட்ட மாலை

புக்கிட் பெருவாங் மாணவர் விடுதியில் துப்புரவு வேலை பார்க்கும் காளியம்மா, ஆயுத பூஜையன்று துடைப்பத்துக்குப் பொட்டு வைத்த கையோடு, மாடிப்படிக் கதவின்மேல் வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை 'கெலுவார்' விளக்குக்கும் செவ்வந்தி மாலையைச் சுற்றிவிட்டார்.

"இதுக்கும் மாலையா? கும்பாபிஷேகம் எப்பக்கா?" என்று சிரித்தான் காவலாளி தினேஸ்வரன்.

மறுநாள் மின்பெட்டி தீப்பிடித்துக் கரண்டு போனது. புகையிருட்டில் பிள்ளைகள் வழி தெரியாமல் அலறினார்கள். தான் போட்ட மாலைதான் வழிகாட்டும் விளக்கை மறைக்கிறது என்று காளியம்மாவுக்கு உறைத்தது. மாப் கட்டையால் அதை இழுத்துப் போட்டார். கரண்டே இல்லாத கட்டடத்தில் பச்சை வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து ஓடிப் படியிறங்கினார்கள்.

"உள்ள பேட்டரி இருக்குலா அக்கா," என்றான் தினேஸ்வரன், கீழே வந்ததும்.

"இருக்கட்டும்யா," என்றார் காளியம்மா. மாடி விளக்கிருந்த பக்கம் கூப்பிய கை இறங்கவில்லை.