வளரும் பிள்ளைக்கு வாங்கிய துப்பாக்கி

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு அளவாக ஒரு சாமான் வாங்கினதாகச் சரித்திரமே கிடையாது. யூனிபார்ம் பாவாடை கணுக்காலை இடிக்கும். ஷூ நுனியில் பஞ்சு அடைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால், வளருகிற பிள்ளையாம். இந்தப் புத்திசாலித்தனத்தை என் அண்ணன் துப்பாக்கி வரைக்கும் கொண்டுபோவான் என்று நான் நினைக்கவில்லை.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாகர்கோவிலில் ஒரு கிளப்பில் ஏர் ரைபிள் பழகிக்கொண்டிருந்தாள். கிளப்பின் பழைய சின்னத் துப்பாக்கியில் அவள் சுட்ட அட்டைகளைப் பார்த்த கோச், மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்றாள். அதற்குப் பிறகு மகளுக்கு வேறு பேச்சே இல்லை. செய்தி கத்தாரில் இருந்த அண்ணன் காதுக்குப் போயிற்று. மருமகள் இரவல் துப்பாக்கியில் சுட்டால் இவன் கௌரவம் என்ன ஆவது? லீவில் வந்தவன் நேரே கொச்சிக்குப் போய் ஒன்று வாங்கி வந்தான். கிளப் துப்பாக்கி வேறொரு பிள்ளை கைக்குப் போய்விட்டது.

பெட்டியை வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஜெபம் பண்ணித்தான் பிரித்தார்கள். இவளை இந்தியா டீம் வரைக்கும் நடத்தும்படி கர்த்தரிடம் உருகி உருகிக் கேட்டவர்களில் ஒருவருக்கும், அதை ஒருதரம் அவள் தோளில் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றவில்லை.

வைத்துப் பார்த்தது கிளப்பில்தான். துப்பாக்கியின் பின்கட்டை தோளில் நிற்காமல் புஜத்துக்கு நழுவியது. கழுத்தை எக்கி நீட்டினால்தான் குறி தெரிந்தது. முன்பாரம் இழுக்க, பிள்ளை முதுகை வளைத்து நின்றாள். தண்ணீர்க் குடம் தூக்கினவள்கூட அப்படி நிற்கமாட்டாள்.

"ஏட்டி, வளருத பிள்ளையாக்கும். ஒரு வருஷத்துல சரியாயிரும்," என்றான் அண்ணன். போட்டிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அட்டையில் குண்டு கண்டபடி விழ ஆரம்பித்தது. உடனே வீட்டில் ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். என் கணவர் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். கொழுந்தனார் எல்லாவற்றுக்கும் செல்போன்தான் காரணம் என்றார்; சொல்லும்போதும் அவர் கண் தன் செல்போனில்தான் இருந்தது. அண்ணன், பிள்ளைக்குத் தெம்பு பத்தாது என்று தினமும் ஏத்தன் வாழைப்பழமும் முட்டையும் அவிக்கச் சொன்னான். துப்பாக்கிக்குத் தக்கபடி பிள்ளையை ஊத வைத்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ.

கோச் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டாள். கட்டையின் அடியை மகளின் முழங்கை மடிப்பில் முட்டவைத்து, விரலை நீட்டச் சொன்னாள். விரல் டிரிக்கர் பக்கம்கூட எட்டவில்லை. "கட்டையைக் குறைக்கணும் அக்கா. இதை வச்சுப் பழகினா உள்ளதும் கெட்டுரும்," என்றாள்.

அண்ணனிடம் சொன்னேன். ஆனையை அறுக்கச் சொன்னதுபோல் பார்த்தான். "அவ வளந்தா என்ன செய்வியாம்? வெட்டின சாமானத்த எவன் வாங்குவான்?" அப்போதே விற்கிற கணக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் மகள், "எனக்குச் சுட வராதும்மா. நான் நிறுத்திக்கிடுதேன்," என்றாள். அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன். நிதானமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பாடு. அண்ணன் பிள்ளையின் தெம்பைப் பற்றி மறுபடி தொடங்கினான். மகள் எழுந்து உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தாள்.

"மாமா, கடையில இத யாரு தோளுல வச்சுப் பாத்து வாங்கினிய?"

"நாந்தான் மக்கா, வேற யாரு? கச்சிதமா இருந்துது!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே காதில் விழுந்தது. கோழிக்காலைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

மகள் துப்பாக்கியை அவன் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். "அப்போ போட்டிக்கும் நீங்களே போங்க மாமா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

யாரும் அவளை அதட்டவில்லை. அண்ணனுக்குக் கை காய்ந்துபோகும்வரை எழ முடியவில்லை. மறுநாள் காலையில் கோட்டாற்றில் ஆசாரி கடைக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லி மகளையும் கூட்டிப்போனான், அளவெடுக்க.