ரத்தினபாய் டீச்சர் வீட்டுச் சிலேட்டு

இரும்புலியூரில் ரத்தினபாய் டீச்சரைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவர் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் வரிசைகட்டிப் போகிற நேரத்தில்கூட, அவர் வாசலில் நின்று கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டால் தெருக்கோடிவரை கேட்கும். தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் ஐந்தாம் வகுப்பை அடக்கி ஆண்ட தொண்டை அது. 2006 மே மாதம் பள்ளிக்கூடம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. தொண்டைக்கு அவர் ஓய்வு கொடுக்கவில்லை.

அவருடைய கணவர் ஞானையா இதற்கு நேர் எதிர். டிராஃப்ட்ஸ்மேன். கிண்டியில் கொஞ்ச காலம், பிறகு மறைமலை நகரில் என்று, கார் பாகங்களின் படத்தை மயிரிழை பிசகாமல் வரைந்து பிழைத்தவர். கல்யாணமான முப்பது வருடத்தில் அவர் வீட்டில் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்குத் தேறாது. “சரி”, “வேண்டாம்”, “குடை எடுத்துக்கோ” என்ற மூன்றை வைத்தே குடும்பம் நடத்திவிட்டார். ஜாய்சன் என்று ஒரே மகன். அவனுடைய கல்யாண வீடியோவில் இரண்டு வார்த்தை வாழ்த்துச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். மனிதர் தலையை மட்டும் ஆட்டினார்.

“சுவத்தைக் கட்டிக்கிட்டேன்” என்று டீச்சர் ஸ்டாஃப் ரூமில் அலுத்துக்கொள்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். டீச்சரும் சிரிப்பார். உள்ளுக்குள் அவருக்கு அது சிரிப்பாக இல்லை.

அந்த மூன்று வார்த்தைக்கும் 2006 ஆகஸ்டில் கேடு வந்தது. தொண்டை கரகரப்பு என்று போன இடத்தில் புற்று என்றார்கள். அடையாறில் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்தார்கள். உயிர் தப்பியது. கழுத்தில் மூச்சுவிட ஒரு துவாரம், அதன்மேல் டீச்சர் தைத்துக் கட்டிய வெள்ளைத் துணி. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள். ஞானையா அதில் ஒரே ஒரு தடவை “தண்ணி” என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டு அழுதது. கருவி அலமாரிக்குள் போனது. ஒரு குயர் நோட்டு வெளியே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை டீச்சர் இன்றுவரை அதிசயம் என்றுதான் சொல்வார். வாய் இருந்தவரை பேசாத மனிதர், அது போனபிறகு பேச ஆரம்பித்தார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. முதல் வாரம் மாத்திரை, கஞ்சி என்றுதான் எழுதினார். இரண்டாவது வாரம் சர்ச்சுக்குப் புதிதாக வந்த ஐயரின் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்பதைப் பற்றி எழுதினார். மூன்றாவது வாரம், “எங்கம்மா வச்ச மீன் குழம்பைவிட உன்னுது நல்லா இருக்கும். அம்மா உயிரோட இருந்தப்ப சொல்ல முடியல” என்று எழுதி நோட்டை டீச்சர் பக்கம் திருப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

கண்ணாடி போட்டால்தான் புருஷன் பேச்சு கேட்கும் என்றாகிவிட்டது. நோட்டில் பேனா தட்டுகிற சத்தம் வந்தால் டீச்சர் தாளிப்பு கருகினாலும் கருகட்டும் என்று கண்ணாடியைத் தேடி ஓடினார். வருகிறவர்கள் எல்லோரும் ஞானையாவிடம் கத்திப் பேசினார்கள். போனது குரல்தான், காது இல்லை என்று டீச்சர் எத்தனை தடவை சொன்னாலும் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. “இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு?” என்று அவர் எழுதிக் காட்டுவார். இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் டீச்சருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.

அதில் மண் விழுந்தது சாராள் வந்தபோது. சாராள் டீச்சரின் தங்கை, திண்டிவனத்தில் இருக்கிறாள். நல்ல மனசு, நீண்ட ஜெபம். குருத்தோலை ஞாயிறு மதியம் அவள் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்து முடிப்பதற்குள் சோறு ஆறிப்போனது. கை கழுவிவிட்டு வந்த ஞானையா நோட்டில் எழுதினார்: “சாராள் ஆமென் சொல்றதுக்குள்ள தாம்பரத்துல கிளம்பின ரயில் பீச் ஸ்டேஷன் போய்ட்டுத் திரும்பி வந்துடும்.”

டீச்சருக்குப் புரையேறியது. வாயால் சொல்லியிருந்தால் அந்தக் கிண்டல் காற்றோடு போயிருக்கும். அன்று சாயந்திரம் யாருடைய போன் நம்பரையோ குறித்துக்கொள்ளச் சாராள் மேசைமேல் கிடந்த நோட்டைத் திறந்தாள். படித்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

“அத்தானுக்குப் பசிக்குமேன்னுதான் நான் சுருக்கமா முடிச்சேன், அக்கா” என்றாள். நேராகப் போய் பஸ் ஏறிவிட்டாள். மூன்று மாதம் போன் இல்லை.

ஞானையாவுக்கு அது ஆறவே இல்லை. அன்றிலிருந்து அன்றன்றைக்கு எழுதின தாள்களைச் சாயந்திரமே கிழித்துக் கொல்லையில் வைத்துக் கொளுத்தினார். டீச்சர் அடுப்படியில் நின்று அந்தப் புகையைப் பார்ப்பார். மீன் குழம்பு போகிறது, ஐயரின் பேன்ட் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடையாறுக்குப் போய் ‘மறுபடி வரவில்லை’ என்று டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருகிற வீடு அது. ஒருநாள் வேறு மாதிரி சொல்லிவிட்டால்? டீச்சர் இதை யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை பேசுகிற வாய்க்கு அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

செப்டம்பரில் ஜாய்சன் ஒரு பெட்டியோடு வந்தான். சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவன் ஆபீசில் கழித்துப்போட்ட டேப்லெட் கம்ப்யூட்டர் அது. திரையைத் திருகி மடக்கினால் எழுதுபலகை மாதிரி ஆகிவிடும், கூடவே ஒரு பேனா. மடியில் அரை மணி நேரம் வைத்திருந்தால் தொடை சுட்டது. ஞானையா முதலில் ஒரு நேர்கோடு போட்டார். கண்ணை இடுக்கிப் பார்த்தார். “கோடு பேனாவுக்குப் பின்னாடி வருது. ஸ்கிரீன் கண்ணாடி வழுக்குது. டிரேசிங் ஷீட்ல இருக்கிற பிடிப்பு இல்ல” என்று அந்தத் திரையிலேயே எழுதினார். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

“மூணு சாஃப்ட்வேர் போட்டிருக்கேன்பா. முதல் ரெண்டும் முப்பது நாள் டிரயல், மூணாவது ஓசி. எது பிடிக்குதோ அதை வச்சுக்கலாம்” என்றான் ஜாய்சன்.

முதலாவது மகா புத்திசாலி. கையால் எழுதினதை அச்செழுத்தாக மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும், தமிழ் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. ஞானையா “காபி வேணும்” என்று எழுதினார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸ்மித் என்று ஒரு பேரும் பின்னாலேயே அறுபத்தேழு என்று ஒரு எண்ணும் போட்டது.

“யாருடா அந்த ஸ்மித்?” என்றார் டீச்சர். அதை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது நோட்டுப் புத்தகம் மாதிரி. தேதிவாரியாகப் பக்கம் போட்டுக்கொள்ளும், எழுதினதைத் தானாகவே சேமித்துக்கொள்ளும். ஜாய்சன் பெருமையாகச் சொன்னான்: “அம்மா, அப்பா இதுல எழுதறது ஒரு வார்த்தைகூடத் தொலையாது. பத்து வருஷம் கழிச்சுக்கூட எடுத்துப் படிக்கலாம்.”

அந்த வார்த்தை டீச்சரின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது வெறும் சிலேட்டு. வெள்ளைத் திரையில் எழுதலாம். மூலையில் பேனாவால் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் அழிந்துபோகும். சேமிக்கிற வசதியே கிடையாது. “சும்மா டெமோவுக்குப் போட்டேன்” என்றான் ஜாய்சன். ஞானையாவுக்கோ அதுதான் பிடித்துப்போனது. எழுதுவார், டீச்சர் பக்கம் திருப்புவார், படித்ததும் ஒரு தட்டு. மறுபடி எழுதுவார். சாராளுக்குப் பிறகு மூடிக்கொண்டவர் நான்கே நாளில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். மாடி வீட்டுக்காரரின் தலைச்சாயத்தைப் பற்றி ஒரு காலை முழுக்க எழுதினார்.

டீச்சர் சிரித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே பதறினார். முப்பதாவது நாள் ஜாய்சன் போன் செய்து எது வேண்டும் என்று கேட்டபோது, “ரெண்டாவது” என்றார் பட்டென்று. “நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கே, அது.”

ஞானையா நிமிர்ந்து பார்த்தார். சிலேட்டில், “அது எல்லாத்தையும் வச்சுக்குமே” என்று எழுதினார்.

“வச்சுக்கட்டுமே. வச்சுக்கிட்டா என்ன? உங்க கையெழுத்து எவ்வளவு அழகு, அநியாயமா அழிச்சுக்கிட்டு.”

ஞானையா முதலில் எழுதினதை அழித்தார். பிறகு, “உன் இஷ்டம்” என்று எழுதி அதையும் அழித்தார்.

ஜாய்சன் ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டாவதை நிரந்தரமாக்கினான். சிலேட்டை எடுக்கப் போனவன், போன் வந்து, அப்படியே மறந்துவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. டீச்சர் முதலில் கவனிக்கவில்லை. தம் பேச்சில் தாமே மூழ்கியிருந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ஞானையா குளிக்கப் போயிருந்தபோது, சேர்ந்த பக்கங்களை ஆசையாகத் திறந்து பார்த்தார். கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திங்கள்: “சரி.” செவ்வாய்: “மாத்திரை போட்டாச்சு.” புதன்: “வேண்டாம்.” வியாழன்: “பால் வந்தாச்சா.” வெள்ளிக்குப் பக்கமே இல்லை.

டீச்சர் திரும்பத் திங்களுக்கே போய்ப் பார்த்தார். இந்த மாதிரிப் பக்கத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். வருடத்துக்கு நாற்பது கட்டுரை நோட்டு திருத்தியவர். சிவப்பு மையைப் பார்த்துப் பயந்த பிள்ளை இப்படித்தான் எழுதும். தப்பு வராத வார்த்தையாகப் பார்த்து, ஒன்றிரண்டு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்தப் பிள்ளைகளை எல்லாம் அவர் சோம்பேறி என்று திட்டியிருக்கிறார். இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. பத்து வருடம் கழித்துப் படிப்பதற்காக அவர் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தது பழைய சுவரைத்தான்.

ஞானையா குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் இயந்திரத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார்.

“ஏங்க, அந்த சிலேட்டுல எழுதுங்க.”

அவர் நோட்டிலேயே எழுதினார்: “அதுல நிக்காது. நீ வச்சுக்கணும்னு ஆசைப்பட்டே.”

“ஆமா, ஆசைப்பட்டேன்.” தெருக்கோடிவரை போகிற டீச்சரின் குரல் அப்போது அந்த அறையைக்கூடத் தாண்டவில்லை. “எனக்குப் பயமா இருக்குங்க. அடையாறுக்குப் போறப்ப எல்லாம் டாக்டர் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கேன். நாளைக்கு நீங்க இல்லன்னா, என் கையில உங்க பேச்சுன்னு என்ன இருக்கு? ஒரு கேசட்டு உண்டா? இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சீங்க. அதையும் கொளுத்திட்டீங்க. அதான் பிடிச்சு வச்சுக்கலாம்னு பார்த்தேன். பிடிச்சா நீங்க வாயை மூடிக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் சேர்த்து வைக்க வேணாம். இப்பப் பேசுங்க, போதும்.”

ஞானையா நோட்டை மூடிவிட்டுச் சிலேட்டைத் திறந்தார். வெகுநேரம் எழுதினார். வழக்கமாக அச்சு மாதிரி நிற்கிற எழுத்து கடைசி வரிகளில் கோணிக்கொண்டு போனது. திரை நிரம்பியதும் டீச்சர் பக்கம் திருப்பினார்.

“எனக்கும் பயம்தான். நீ பயப்படுவேன்னு சொல்லல. நீ பேசினது எதையும் நான் எழுதி வச்சதில்ல. ஆனா எல்லாம் இருக்கு. ஜாய்சன் பொறந்தன்னிக்கு நீ முதல்ல, ‘விரல் பத்தும் இருக்கா எண்ணிப் பாருங்க’ன்னே. நான் ரெண்டு தடவை எண்ணினேன். வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணியில நின்னுகிட்டு, பசங்க நோட்டெல்லாம் நனையுதேன்னு அழுதே. எனக்கு வேலை போயிடும்னு இருந்தப்ப, ‘என் சம்பளம் இருக்கு, தூங்குங்க’ன்னே. நான் பதில் சொல்லலையே தவிர கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் இவ்வளவு வச்சிருக்கேன், எந்த மெஷினும் இல்லாம. உனக்கு மட்டும் எங்க போயிடும்?”

டீச்சர் அதை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். கண்ணாடி மங்கியது; கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து படித்து முடித்தார். ஞானையா அழிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பேனாவை மூலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாமே அந்த மூலையில் ஒரு தட்டுத் தட்டினார். திரை வெள்ளையானது. பேனாவைத் திரும்ப அவர் விரல்களுக்குள் வைத்துவிட்டு, நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ம், அப்புறம்?” என்றார்.