பென்சில் சீட்டில் நான் போட்ட தேதி

“அடிக்குழாய்த் தண்ணீர். இரண்டு சொட்டு விட்டேன். நிறம் வரவில்லை.” அந்தச் சீட்டில் இருப்பது இவ்வளவுதான். பென்சிலில் எழுதியது, எழுத்து சற்றே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மேல் மூலையில், நீலப் பேனாவில், ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் தேதி. எழுத்து எங்கள் லேப் அக்காவுடையது. தேதி என்னுடையது. கையில் கிடைக்கும் எந்தக் காகிதத்திலும் தேதி போட்டுவிடுவது எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம்.

ஓசூரில் இரும்புக் கம்பிக்குத் துரு நீக்கும் தொழிற்சாலை ஒன்றில் அப்போது ரெக்கார்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிட் தொட்டிகளின் புகையை ஒரு பெரிய ஃபேன் இழுத்து ஸ்கிரப்பருக்குள் தள்ளும். அது இரண்டு ஆள் உயர பிளாஸ்டிக் கோபுரம். உள்ளே காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர் மழைபோல விழுந்து புகையிலிருக்கும் ஆசிட்டைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கப் பிடிக்கக் காஸ்டிக் தீரும். அது குறைந்ததைத் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு மீட்டர் காட்டினால், பம்ப் ஓடிப் புதுக் காஸ்டிக் விடும். தீர்ந்துவிட்டால் புகை அப்படியே வெளியேறும். எங்கள் புகைபோக்கி குட்டையானது. ஆடிக்காற்று அடித்தால் போன புகை முற்றத்துக்கே இறங்கிவிடும்.

அந்த முற்றத்தில் கம்பிக் கட்டுகளை ஏற்றி இறக்கியவர் பாகலூர் அண்ணன். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். அக்கா சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கப் பாட்டிலோடு வருவதைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவார். “மேடம், உங்க மீட்டருக்கு மூக்கு இல்ல. என் மூக்கைக் கழட்டிக்கினு போய் மாட்டிடுங்க. எனக்கும் நிம்மதி.” அக்கா விடமாட்டார். “உன் மூக்கை மாட்டினா அது பீடி நாத்தத்தைத்தான் காட்டும், போப்பா.”

குறை மீட்டரில் இல்லை, அது இருந்த இடத்தில் இருந்தது. துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று, புதுக் காஸ்டிக் வந்து விழும் குழாய் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி அதை மாட்டியிருந்தார்கள். விழுகிற காஸ்டிக் முதலில் மீட்டர்மேல் படும். முள் ஏறும். போதும் என்று பம்ப் நின்றுவிடும். கோபுரத்தின் அடித்தொட்டியில் மறுபக்கத் தண்ணீரில் காஸ்டிக் தீர்ந்தே கிடக்கும். அக்கா கோபுரத்தின் அடியில் இருக்கும் குழாயில், அதைத்தான் அடிக்குழாய் என்போம், தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விடுவார். காஸ்டிக் இருந்தால் ரோஜா நிறம் வரும். வராத நாட்களில் மேனேஜரிடம் சொல்வார். அவருடைய பதில் ஒன்றுதான்: “மீட்டர் நல்லாத்தானம்மா காட்டுது?”

ரிஜிஸ்டரில் மீட்டர் அளவுக்கு மட்டும்தான் கட்டம் உண்டு. கைச்சோதனைக்கு இல்லை. அதனால் அக்கா மீட்டர் அளவைக் கட்டத்தில் எழுதி, ஷிப்ட் முடிவில் பக்கம் முழுவதற்குமாக ஒரு கையெழுத்துப் போடுவார். சோதனை முடிவைச் சீட்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுக் காவேரிப்பட்டினம் போக பஸ்ஸுக்கு ஓடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அண்ணன் கம்பிக் கட்டின்மேல் சாய்ந்து, மூச்சுக்கு வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். உதடு கறுத்திருந்தது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்து அவர் கேட்டது ஒரே ஒரு வரி. “இங்கத்தி காத்துனாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதிக் குடுங்க சார். டாக்டர் கேக்கறாரு. வேற ஒண்ணும் வேணாம்.”

மேனேஜர் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். அன்றைய கட்டத்தில் மீட்டர் அளவு சரியாக இருந்தது. அதன் கீழே அக்காவின் கையெழுத்து. நான் சீட்டை எடுத்து நீட்டினேன். வாழ்நாளில் நான் காட்டிய ஒரே துணிச்சல் அது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எழுத்து அவங்களுது. தேதி உங்களுது. அது பென்சில், இது பேனா. எந்த நாளுக்கு வேணும்னாலும் போட்டிருக்கலாமே?” பிறகு அக்காவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. இது செவ்வாய் எழுதினதா, திங்கள் எழுதினதா?”

அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “வாரத்துல ரெண்டு மூணு தடவை எழுதறேன் சார்... இது எதுன்னு...” அதோடு முடிந்தது. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். “உடுங்க சார். நீங்க இன்னா பண்ணுவீங்க?” அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தேதி போடாமல் விட்டிருந்தால் ஒருவேளை அந்தச் சீட்டை நம்பியிருப்பார்களோ? தேதியே இல்லாத சீட்டை யார்தான் நம்புவார்கள்? இரண்டையும் பலமுறை யோசித்துவிட்டேன். அண்ணன் இப்போது பாகலூரில் தம்பியின் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். அவர் கேட்ட வரியை இன்றுவரை யாரும் எழுதித் தரவில்லை.

சீட்டு பிளாஸ்டிக் உறைக்குள் என் முன்னால் இருக்கிறது. பென்சில் மங்கிவிட்டது, நீல மை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலைதான் அதை என் மேசையில் கண்டேன், அதனால்தான் அந்தத் தேதியைப் போட்டேன். திங்கட்கிழமை மதியத்துக்குமேல் நான் விடுப்பு, செவ்வாய் பகலெல்லாம் மேசைப் பக்கமே போக முடியவில்லை. அக்கா அதைத் திங்கள் மாலையே வைத்துவிட்டுப் போனாரா, செவ்வாய் ஷிப்ட் முடிந்து வைத்தாரா என்று போன மாதமும் போனில் கேட்டேன். நினைவில்லை என்றார். வேறு சாட்சி இல்லை. அந்தத் தேதி சரியா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.