ஆற்றில் இறக்கிய வண்டி

அந்த வண்டியை ஜீப்பு என்று சொன்னதற்காக நான் ஒருவரை அடித்திருக்கிறேன். டவுனில் என் இரும்புக்கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் அவர். "அண்ணாச்சி, ஒங்க ஜீப்ப கொஞ்சம் தள்ளி நிப்பாட்டுங்க, பால் வண்டி வரணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். "ஜீப்பாவே இது? கண்ணு அவிஞ்சு போச்சா ஒமக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஒன்று வைத்தேன். அவர் கையிலிருந்த கிளாஸ் படியில் விழுந்து உடைந்தது. அதன்பிறகு எங்கள் தெருவில் யாரும் அதை ஜீப்பு என்று சொல்லவில்லை, என் காதுபட.

எனக்குக் கை முந்தும். வாய் பேசி முடிப்பதற்குள் கை போய்விடும். என் அப்பாவுக்கும் அப்படித்தான். ஆனால் அப்பாவிடம் இருந்தது சைக்கிள். என்னிடம் இருந்ததோ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சீவலப்பேரி வயலில் பாதியை விற்று வாங்கிய வண்டி. அம்பாசிடரும் மாருதியும் ஓடிய ஊரில் உயரமாக, ஒரு ஆள் கண்ணுக்கும் மேலே நின்றது. மூன்றே கதவு. பின்சீட்டுக்கு மேலே கூரைவரை வளைந்து ஏறும் கண்ணாடி. பொத்தானை அமுக்கினால் சன்னல் இறங்கும், ஏ.சி. போட்டால் ஆனி மாதத்திலும் பிள்ளை போர்வை கேட்பாள். குடும்பத்துக்கு என்றுதான் வாங்கினேன். வாங்கிய பிறகு குடும்பம் அந்த வண்டிக்கு என்று ஆகிப்போனது.

ஏழு வயது மகள் பின்சீட்டில் முறுக்கைச் சிந்தியதற்கு முதுகில் அடி வாங்கினாள். "வலிக்கல, வலிக்கல" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவளை நான் அடித்ததில்லை. அதற்குப் பதில் கைக்கு எட்டியதை எல்லாம் சுவரில் எறிவேன். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்துக்கு அவள் பழுப்புத்தாளில் அட்டைபோட்டு, வரிவரியாகப் படித்து வைத்திருந்தாள். நான் அதைத் திறந்ததுகூட இல்லை. ஒரு பொம்பளை புத்தகத்தைப் பார்த்து எனக்கு வண்டி சொல்லித்தருவதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வண்டியைப் பார்த்துக்கொண்டது மேலப்பாளையத்தில் ஒரு மெக்கானிக். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். கிட்டத்தட்ட ஒரே வயது. பக்கத்து வீடுகளில் எல்லாம் கைத்தறி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை தடக் தடக் என்று ஓயாது. அந்த இரைச்சலுக்கு நடுவே அவர் என்ஜினைக் கேட்பார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, மரக் கைப்பிடியை வலது காதில் பொருத்திக் கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் பொறுத்து, "ரெண்டாவது நாசில் சொணங்குது" என்பார். பிரித்தால் டீசல் பீய்ச்சும் அந்த ரெண்டாவது நாசிலில்தான் கோளாறு இருக்கும். தென்காசியிலிருந்துகூட ஆட்கள் வண்டியை அவரிடம் கொண்டுவந்தார்கள், அந்தக் காதுக்காக.

இப்போது ஆற்றுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு முதல்நாள் வண்டிகளைத் தாமிரபரணியில் இறக்கிக் கழுவுவார்கள். டிராக்டர், லாரி, வேன் எல்லாம் வரிசையாக நிற்கும். வீட்டுக் குழாயில் கழுவினால் பூஜைக்குக் கழுவியதாகவே சேராது. அந்த வருஷம் நானும் சீவலப்பேரிக்குப் புறப்பட்டேன். மனைவி வாசலுக்கு வந்து, "இத ஆத்துல எறக்கக் கூடாதுங்க, தண்ணி உள்ள போச்சுன்னா என்ஜின் போயிரும்னு போட்டிருக்கு" என்றாள். "ஓம் புஸ்தகத்த அடுப்புல போடு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆற்றில் பத்துப்பேர் நின்றார்கள், எல்லாரும் எங்கள் வயலில் வேலை பார்த்தவர்கள், தெரிந்தவர்கள். முன்சக்கரம் முங்கியதும் ஒருவன், "அண்ணாச்சி, போதும், அங்கிட்டு பள்ளம் கெடக்கு" என்றான். போதும் என்று எனக்கு இவன் சொல்வதா? இன்னும் ஒரு மிதி மிதித்தேன். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. பானெட்டுக்கு மேலே தண்ணீர் புரண்டது. என்ஜின் ரெண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். சாவியைத் திருகினேன். டக் என்று ஒரு சத்தம், சுற்றவில்லை. மறுபடியும் திருகினேன், மறுபடியும். கோபம் தலைக்கேறி ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தித் திருகினேன். கடைசியில் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிச் சாய்த்தால் அதிலிருந்து ஆறு ஊற்றியது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "வெளிய மூச்சு விட்டிய, ஒருத்தன் பல்லும் மிஞ்சாது" என்றேன். மணலில் ஈரம் வடிய நிறுத்திவைத்துச் சாயங்காலம் ஆள்விட்டுத் தள்ளியதில் வண்டி வெள்ளைப் புகையோடு கிளம்பியது. பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி வண்டிக்குள் தலையை நீட்டி, "ஈர நாத்தம் அடிக்கி. எறக்கினியளா?" என்றாள். செம்பு சுவரில் போய் விழுந்தது. அதுதான் என் பதில். அவள் செம்பை எடுத்து, நசுங்கிய இடத்தைத் தடவிவிட்டு உள்ளே போனாள்.

ஆயுத பூஜை அன்று வண்டி சந்தனமும் மாலையுமாக வாசலில் நின்றது. மறுநாள் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போவதாகப் பேச்சு, மகளுக்காக நேர்ந்துகொண்ட காணிக்கை ஒன்று இருந்தது. காலையில் எடுத்ததுமே உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நேரே மேலப்பாளையம் போனேன். பாய் ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் கேட்டார்.

"அண்ணாச்சி, தண்ணில எதும் எறக்கினியளா?"

"இல்லவே."

"ஆத்துல, கால்வாய்ல? நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. தண்ணி குடிச்ச வண்டின்னா பிஸ்டன் ராடு வளைஞ்சிருக்கும். ஓட்டவே கூடாது."

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்? இல்லன்னா இல்லதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்பம் நாசில் சத்தமா இருக்கும். சரி பண்ணித் தாறேன். ஆனாலும் இன்னைக்குத் தூரம் போவாதிய. நாளைக்குப் பிரிச்சுப் பாத்துருவோம்" என்றார். நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்டினார். சத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மத்தியானம் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆழ்வார்திருநகரி தாண்டியதும் கீழே வெடி வெடித்தது. வெடி என்றுதான் நினைத்தேன், தசரா நேரம் அல்லவா. அடுத்த நொடி வண்டி கிறீச்சென்று இழுபட்டு நின்றது. பின்னால் நின்றுகொண்டு, ரெண்டு சீட்டுக்கும் நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளை முன்னால் பறந்துபோய் டாஷ்போர்டில் மோதினாள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மனைவி முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு அலறினாள். நான் இறங்கி அடியில் பார்த்தேன். என்ஜின் பக்கவாட்டில் கைபோகிற அளவு ஓட்டை, அதன் வழியாக முறிந்த ராடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொதிக்கிற ஆயில் ரோடெல்லாம் ஓடியது.

தசராவுக்கு வேஷம் கட்டிப் போனவர்கள்தான் வேனை நிறுத்தி இறங்கி உதவினார்கள். நாக்கைத் தொங்கவிட்ட காளி ஒருவர் என் மகளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார். வேஷத்தைப் பார்த்து அவள் இன்னும் பயந்து கத்தினாள். ஸ்ரீவைகுண்டத்தில் நாலு தையல் போட்டார்கள். ஒவ்வொரு தையலுக்கும் அவள் என் விரலைப் பிடித்து முறுக்கினாள். எனக்குள் ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது. எவனையாவது அடிக்க வேண்டும்.

ஆற்றில் இறக்கியது யார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குள் எங்கே போய் ஒளிந்ததோ! நாசில் என்று சொன்னவன் பாய், பார்த்தவன் பாய், என் பிள்ளை ரத்தத்துக்குக் காரணம் பாய். ராத்திரி முழுக்க இதையே சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் காலை லாரியில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மேலப்பாளையம் போனேன். அவர் வெளியே வந்து, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலயே அண்ணாச்சி?" என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "நாசில்னு சொன்னியேலே? நாசிலா?" என்று கத்திக்கொண்டு முழுக்கையையும் வீசி அறைந்தேன். உள்ளங்கை அப்படியே வலது காதை மூடி விழுந்தது. அவர் கல்மேல் உட்கார்ந்துவிட்டார். காதைப் பொத்திய விரல்களுக்கு இடையே ரத்தம் வந்தது.

அப்போது தறிச் சத்தம் நின்றது. ஒரு வீட்டில் நின்று, அடுத்த வீட்டில் நின்று, தெரு முழுக்க நின்றது. ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் என் சட்டையைப் பிடித்தார், இன்னொருவர் அங்கே கிடந்த இரும்பு லீவரை எடுத்தார். சாதி, மதம் என்று ஊருக்கு ஊர் வெட்டும் குத்துமாகக் கிடந்த காலம் அது. அன்று என்னை அடித்துப் போட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் டவுன் எரிந்திருக்கும். வாழ்க்கையில் முதல்முறையாக ஓடுவதற்கு வழி பார்த்தேன், மறைக்காமல் சொல்கிறேன்.

பாய் எழுந்து வந்து நடுவில் நின்றார். தள்ளாடினார், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நின்றார். "விடுங்க. நம்ம அண்ணாச்சிதான். பிள்ளைக்கு அடிபட்ட ஆத்திரம். எல்லாரும் போங்க" என்றார். லீவரை வாங்கிக் கீழே போட்டார். அவர்கள் போகும்வரை என் முன்னாலேயே நின்றார்.

அதன்பிறகு வண்டியைப் பிரித்தார், நான் பார்க்கும்படியே. காற்றுக் குழாயைக் கழற்றிக் கவிழ்த்ததும் ஆற்று மணல் கொட்டியது, கூடவே ஒரு சின்ன நத்தை ஓடு. அதை உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். காட்டிவிட்டு அடுத்த நட்டைக் கழற்றப் போனார். திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

பாளையங்கோட்டையில் காது டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். "ஜாக்கி நழுவி இடிச்சிட்டு" என்றார் பாய். செவிப்பறை கிழிந்துவிட்டது, உள்ளேயும் அடி இருக்கிறது என்றார் டாக்டர். மருந்து போட்டுப் பார்த்தார்கள், ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். அந்தக் காது வரவில்லை.

அவர் இடது காதில் கேட்டுப் பழகப் பார்த்தார். கைப்பிடியை இடது காதில் வைப்பார், முகம் சுளிப்பார், தன்னையறியாமல் வலதுக்குக் கொண்டுபோவார், திரும்ப எடுத்துவிடுவார். "ஒரு பக்கம் உய்யுன்னு கெடக்கு அண்ணாச்சி, அது மத்ததையும் கெடுக்கு" என்றார் ஒருநாள். தப்பான பாகத்தைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு லாரிக்காரர் தெருவில் நின்று கேவலமாகப் பேசிவிட்டுப் போனார். தென்காசி வண்டிகள் நின்றன. ரெண்டு வருஷத்தில் பிரேக், கிளட்ச், ஆயில் என்று கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை மட்டும் அவரிடம் வந்தது.

மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "ஒங்க கைய வெட்டிப் போட்டாலும் தகும்" என்றாள். அன்று நான் எதையும் எறியவில்லை. "அந்த மனுசங்கிட்ட ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டியளா?" என்பாள், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும். "கேட்டாச்சு" என்பேன். கேட்கவில்லை. கை முந்துகிறவனுக்கு வாய் அவ்வளவு லேசில் வராது. புது என்ஜின் போட்ட அந்த வண்டியை அவரிடமே வேலைக்கு விட்டேன், வேறு எங்கும் கொண்டுபோகவில்லை. அதையே மன்னிப்பு என்று அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். என்ன நியாயம் இது!

தொண்ணூறுகள் முடியப்போகும் ஒரு மத்தியானம், வண்டியை விற்பதற்கு முன் கடைசி சர்வீசுக்குப் போயிருந்தேன். அவர் பானெட்டுக்குள் குனிந்து நின்றார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இன்று சொல்லாவிட்டால் இனி வர ஒரு சாக்கும் இல்லை. நான் சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலது பக்கம் நின்றேன். எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

"பாய், ஆத்துல எறக்கினது நான்தான். பொய் சொன்னேன். ஒம்ம பொழப்ப நான்தான் கெடுத்தேன். மன்னிச்சிரும்" என்றேன், மெதுவாக.

அவர் கை நிற்கவில்லை. நட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தவர், அப்போதுதான் என்னைப் பார்த்தவர்போல் முகத்தை முழுக்கத் திருப்பி இடது காதை என் பக்கம் கொடுத்தார்.

"என்னமும் சொன்னியளா அண்ணாச்சி?"

"ஆயில் மாத்திரும்னு சொன்னேன்" என்றேன், சத்தமாக.