மஹ்மூதாவின் குரலோடு போன காற்று

தொண்டைக் கட்டியை வெட்டி எடுத்த பிறகு மஹ்மூதாவின் குரல் பாதியாகிப் போனது. தழும்பு ஆறிவிட்டது, குரல் திரும்பவில்லை. அவள் படிப்பிக்கும் கண்டக்குழிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்வாங்குக்கு நெருங்கி வந்து பாடம் கேட்டார்கள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

கணவன் அஸ்மின் சரக்குக் கப்பலில் மின்சார வேலை பார்ப்பவர். கூரைக்கு மேலே கம்பி கட்டினாலே விசாரணை வருமென்று சனம் பயந்த யுத்த காலம் முடிந்ததும், இருவருமாகப் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி அனுமதி எடுத்தார்கள். கப்பலில் ஒரு சிறிய வானொலிப் பெட்டி வைக்கக் கப்டன் சம்மதித்தார். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய ஏரியல் கம்பி வழியாக, வெள்ளி தோறும் மஹ்மூதா நடுக்கடலோடு பேசினாள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வந்த முதல் வெள்ளியில் அஸ்மின் சொன்னார்: "சத்தம் வருது மஹ்மூதா, கதை வெளங்கல்ல. திருப்பிச் சொல்லு."

திருப்பித் திருப்பிச் சொன்னாள். கடைசியில் அவர், "சரி, தொண்டைய நோகடிக்காத" என்று நிறுத்திவிட்டார். மைக்கை மடியில் வைத்தபடி அவள் வெகுநேரம் இருந்தாள்.

சிலாபத்தில் அனஸ்தாசியா என்ற ஆசிரியையும் இதே அலைவரிசையில் பேசுபவர். நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தவர், மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "உங்கட பெட்டிக்குள்ளயே ஸ்பீச் புரோசசர் இருக்கு. மெல்லிய சத்தத்தத் தூக்கிப் பெரிய சத்தத்துக்குச் சமனா அனுப்பும். போட்டுப் பாருங்க."

அடுத்த வெள்ளி மஹ்மூதா அதன் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டுப் பேசினாள்.

"இப்ப ஒவ்வொரு எழுத்தும் வெளங்குது" என்றார் அஸ்மின். அன்று நோன்புக் கஞ்சியிலிருந்து பள்ளிக்கூடக் கூரை வரை எல்லாக் கதையும் பேசினார்கள்.

ஆனால் அனஸ்தாசியாவுக்குத் திருப்தியில்லை. "நீங்க மூச்செடுக்கிற நேரமெல்லாம் இரையுது. காத்து, கோழி எல்லாத்தையும் அது தூக்குது. குமிழக் குறைச்சு, யன்னலச் சாத்திப்போட்டு, மைக்கக் கிட்டப் பிடிச்சுக் கதையுங்க."

அடுத்த கிழமை மஹ்மூதா அப்படியே செய்தாள். குரல் சுத்தமாகப் போனது. அஸ்மின்தான் அன்று குறைவாகக் கதைத்தார்.

"அங்க காத்து நிண்டுட்டா?" என்று கேட்டார்.

"இல்ல, சோளகக் காத்து அடிக்குது. இரைச்சல் வருமெண்டு யன்னலச் சாத்திட்டன்."

"போன கிழம தென்னோல அடிக்கிற சத்தம் கேட்டிச்சி. இங்க எஞ்சின் சத்தந் தவிர ஒண்டுமில்ல" என்றார். அடுத்ததை மெதுவாகச் சொன்னார். "எனக்குப் பதிலா ஆள் கெடைக்கல்லயாம். பெருநாளைக்கு வரமாட்டன். யன்னலக் கொஞ்சம் தொறந்து வையேன்."

அவள் யன்னலை அகலத் திறந்தாள். குமிழை மறுபடியும் கடைசிக்குத் திருகி, மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பேசாமலிருந்தாள். ஓலைகள் அடித்துக்கொண்டன. கரையில் யாரோ வள்ளம் தள்ள ஆள் கூப்பிட்டார்கள். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அவர் பக்கத்துச் சத்தம் அவளுக்குக் கேட்காது. சிரிக்கிறாரா, அழுகிறாரா, அங்கேதான் இருக்கிறாரா என்றும் தெரியாது. விட்டுக் கேட்கத் தவித்த விரலை அவள் விடவில்லை. கை நொந்த பிறகே விட்டாள்.

இரைச்சலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "இன்னுங் கொஞ்சம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும், பேசி முடித்ததும் யன்னலைத் திறந்தாள். சில வெள்ளிகளில் கடலிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

பெருநாள் கழிந்து பல மாதங்களுக்குப் பிறகு அஸ்மின் ஊர் வந்தார். குசினியிலிருந்து அவள் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கதிரையைத் தூக்கிவந்து அடுப்படியில் போட்டு உட்கார்ந்தார்.

"திரும்ப எப்ப போகணும்?" என்றாள் அவள்.

"என்ன?"

அவர் காதருகே குனிந்து மறுபடி கேட்டாள். அவர் கொதிக்கும் கேத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல்ல" என்றார்.

மஹ்மூதா மூன்றாந்தரம் கேட்கவில்லை.