ஆடிப்பெருக்குச் சால்வை

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிவகாசியில் காலண்டர் பிரஸ்கள் ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத்தான் வரும் ஆண்டுக்கான மாதிரிக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடும். முப்பது வருடமாக எங்கள் பிரஸ் பூஜையில் நான் செருப்புகள் கிடக்கும் ஓரத்தில்தான் நின்றிருக்கிறேன். அந்த வருடம் சின்ன முதலாளி திடீரென்று உருகினார். பெரியவர்களை மதிக்க வேண்டுமாம், முதல் ஆல்பத்தை நான்தான் பிரிக்க வேண்டுமாம். எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று யோசித்தேன்.

என் வேலை ப்ரூப் பார்ப்பது. நாள், நட்சத்திரம், முகூர்த்தம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தாள் மிஷினுக்குப் போகும். கம்ப்யூட்டர் வந்தபின்னும் அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்த ஆனியில் ஒரு காலண்டர் ப்ரூப்கூட என் மேஜைக்கு வரவில்லை. கேட்டால், கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்றார்கள். மரியாதை செய்தாலும் குற்றமா என்று வீட்டில் மனைவி சிரித்தாள். வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் முதலில் மாலை போடுவார்கள் என்றேன்.

பல ஊர் ஏஜெண்டுகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சால்வை போர்த்திவிட்டு, அண்ணாச்சி நாளை முதல் வீட்டில் ஓய்வெடுப்பார் என்று சின்ன முதலாளி மைக்கில் சொல்லிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆல்பத்தைப் பிரித்தேன். பழக்கதோஷம், கண் படத்தை விட்டுத் தேதிக்குப் போனது. ஜனவரித் தாளில் பௌர்ணமியின் வெள்ளை வட்டமும் அமாவாசையின் கறுப்பு வட்டமும் இடம் மாறியிருந்தன. கத்திச் சொன்னால் ஒரு ஆர்டர்கூட விழாது. வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்தபடியே சின்ன முதலாளியின் காதில் சொன்னேன்.

“தம்பி, தைப்பூசத்தன்னைக்கு அமாவாசை போட்டிருக்கீக.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணாச்சி, நாளைக்கு வேலைக்கு வந்துருங்க,” என்று முணுமுணுத்தார்.

அதையும் நான் நம்பவில்லை. தப்பைத் திருத்தும்வரை அண்ணாச்சி, திருத்தி முடித்ததும் மறுபடி ஒரு சால்வை. தோளில் கிடந்ததை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

“போகச் சொன்னது மைக்கிலதான? வரச் சொல்லுததையும் மைக்கிலயே சொல்லுங்க.”

ஏஜெண்டுகள் ஆல்பம் வாங்க எழுந்து வரிசையில் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மைக்கை எடுத்தார்.